அப்பாவின் எண்ணுக்குப் போன பணம்

அந்த உதவிப் பணத்தைப் பற்றி முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு ஆன்டிதான். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மூன்றாவது மாதம். வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தன் கைப்பேசியை உள்ளே நீட்டிக் காட்டினார்.

"முன்னூறு வெள்ளி வந்திருச்சும்மா. உங்களுக்கும் வந்திருக்கும், பாரு."

என் கைப்பேசிக்கு வரவில்லை. அம்மாவின் கைப்பேசிக்கும் வரவில்லை.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம், அம்மாவும் நானும் மட்டும். அம்மா பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துவந்தார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் இருந்தேன். இரண்டு வேலையும் ஒரே வாரத்தில் நின்றன. கடை முதலாளி முதல் மாதம் பாதிச் சம்பளம் போட்டார், அடுத்த மாதம் போனை எடுக்கவில்லை. அம்மாவின் குத்தகைக் கம்பெனி, கட்டடம் திறந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது. அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டார். "இதான் லேசா இருக்கு" என்றார். முட்டையை நாங்கள் பாதிப் பாதியாகச் சாப்பிட்ட நாட்கள் அவை.

உதவி அனுப்பியது ஒரு தொண்டு அமைப்பு. தீபாவளிக்கு அரிசி, எண்ணெய் கொடுப்பதற்காக வருடா வருடம் அவர்கள் எங்கள் வட்டாரத்தில் பெயர் எழுதுவார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான், குடும்பத் தலைவரின் கைப்பேசிக்கு, பணப்பைச் செயலி வழியாக மூன்று மாதத்துக்கு முன்னூறு முன்னூறு ரிங்கிட்டாக அனுப்புகிறார்கள் என்று ஆன்டி சொன்னார். அவர்களுடைய எண்ணுக்குக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு ஓர் இளைஞர் எடுத்தார். அம்மாவின் அடையாள அட்டை எண்ணைக் கேட்டுவிட்டு, "அனுப்பியாச்சே-லா அக்கா. போன வாரமே போயிருச்சு" என்றார்.

"எந்த நம்பருக்கு?"

அவர் எண்ணைப் படித்தார். கடைசி நான்கு எண்கள் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளியில் எந்தத் தாளிலும் 'தந்தையின் தொலைபேசி' என்ற இடத்தில் நான் எழுதிய எண் அது.

அப்பா லோரி ஓட்டுநர். எனக்குப் பதினான்கு வயது, இரண்டாம் படிவம் படிக்கும்போது ஜொகூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. விபத்து எதுவும் இல்லை. வேறொரு பெண்ணோடு இருக்கிறார் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அதன்பின் ஒன்பது வருடம்.

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பாரத்துல இன்னும் அவரு பேரையா போடுறீங்க? ஒவ்வொரு வருஷமுமா?"

அம்மா தண்ணீரை வடித்தார், மறுபடி பிடித்தார். அரிசி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"குடும்பத் தலைவர் யாருன்னு கேக்குறாங்க. என்ன சொல்லச் சொல்ற? ஜொகூர்ல வேலை செய்றாருன்னு சொல்வேன். அவ்வளவுதான்."

"அந்த நம்பர் செத்துப்போயிருந்தா என்னா பண்ணுவீங்க?"

"சாகல. வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்பேன். மணி அடிச்சதும் வச்சிருவேன்."

அன்று அம்மாவிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எங்கள் சாப்பாட்டை ஓடிப்போனவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அம்மா அடுப்பில் உலையை ஏற்றினார்.

மாலையில் நான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

"ஹலோ, யாரு?"

குரல் மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான்."

அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"உங்க போனுக்கு வந்த முன்னூறு வெள்ளி எங்களோடது" என்றேன். "அம்மா பேருல வந்தது."

"எனக்குத் தெரியாதும்மா. எல்லாருக்கும் கவர்மெண்டு குடுக்குறாங்கன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "செலவாயி முடிஞ்சு போச்சும்மா."

எண்ணை மாற்றித் தரும்படி தொண்டு அமைப்பிடம் கேட்டுப் பார்த்தேன். பட்டியலை மூடியாகிவிட்டது, வாங்குபவரே உங்களுக்கு மாற்றி அனுப்பினால்தான் உண்டு என்றார்கள். அப்பாவுக்கு வருவதைச் செலவழிக்கத் தெரிந்திருந்ததே தவிர, அடுத்தவருக்கு அனுப்பத் தெரியவில்லை. போனிலேயே இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன், புரியவில்லை. சாலைத் தடுப்புகளை எடுத்த முதல் வாரத்தில், அவர் சொன்ன இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். கேரி தீவு. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜொகூர் ஜொகூர் என்று ஒன்பது வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை நான் அப்பா என்று நினைக்கவில்லை. கன்னம் ஒட்டி, சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி இருந்தார். வலது காலில் கட்டு. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், அதன்பின் லோரி ஓட்ட முடியவில்லை என்று அவரே சொன்னார். எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க" என்றேன்.

உள்ளே இருந்து அவள் வந்தாள். அம்மாவைவிட அழகாக இருப்பாள் என்று ஒன்பது வருடமாக நினைத்திருந்தேன். வெயிலில் கருத்து, கை விரல்களெல்லாம் முள் கீறிய ஒரு நடுத்தர வயதுப் பெண். தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. எனக்குத் தேத்தண்ணி கலக்கி வைத்துவிட்டு, கதவோரமாகவே நின்றாள்.

"அரிசி வாங்கினோம்மா" என்றாள். "பெரியாஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போக டெக்ஸிக்குக் குடுத்தோம். உங்க காசுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டோம்."

நான் தேத்தண்ணியைத் தொடவில்லை. அப்பாவின் கைப்பேசியை வாங்கி என் எண்ணை ஏற்றினேன். "இங்க அமுக்கணும். அப்புறம் நம்பர். அப்புறம் எவ்வளவுன்னு போடணும்" என்று காட்டினேன். அவருடைய கட்டைவிரல் இரண்டு எண்களை ஒன்றாக அமுக்கியது. எண் தவறித் தவறிப் போனது. மூன்றாவது முறை நானே அந்த விரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். சின்ன வயதில் லோரி ஸ்டியரிங்கின் மேல் என் கையை வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொள்வார். அந்த நினைவு வந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. விரலை விட்டுவிட்டேன்.

"இது என்னாம்மா, கீழ ஒரு கட்டம் இருக்கு?"

"எதுக்குக் காசு அனுப்புறோம்னு எழுதுற இடம். எழுதலன்னாலும் போகும்."

பழகிப் பார்க்க ஒரு வெள்ளி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். என் கைப்பேசி ஒலித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அம்மா நம்பரை மாத்தலையா?" என்று கேட்டார். "தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சு நின்னுரும். திருப்பிக் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல."

நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.

"மிச்சம் ரெண்டு மாசக் காசு மட்டும் வந்ததும் அனுப்பிருங்க. போன் பண்ணாதீங்க. மெசேஜும் அனுப்பாதீங்க. காசு மட்டும்தான். எங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க எப்பவோ செத்துட்டீங்க."

அவள்தான் தலையைக் குனிந்தாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா" என்றார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் மோட்டாரை ஓரம் கட்டி, அவர் எண்ணிலிருந்து அழைப்பும் செய்தியும் வராமல் தடுத்து வைத்தேன்.

வீட்டில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மெலிஞ்சிட்டாரா?"

"இல்ல. நல்லா இருக்காரு" என்றேன். காலைப் பற்றிச் சொல்லவில்லை. அவளைப் பற்றியும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அடுத்த மாதப் பணம் வந்த அன்றே முன்னூறு வெள்ளியும் எனக்கு வந்துசேர்ந்தது. கீழே இருந்த கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைக் கோத்து எழுதியிருந்தார்: 'வந்துச்சாம்மா'. மூன்றாவது மாதமும் வந்தது. 'இதான் கடைசி' என்று எழுதியிருந்தார். அந்தப் பணத்தில் வாடகை பாக்கி தீர்ந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளி வந்தது. கட்டத்தில், 'சாப்டாச்சா'.

தவறுதலாக அமுக்கிவிட்டார் போல என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் இரண்டு வெள்ளி. 'மழை. மோட்டார் மெதுவா ஓட்டு.' பிறகு ஒரு வெள்ளி. 'அம்மா முட்டி வலி எப்படி'. ஒரு முறை ஐந்து வெள்ளி வந்தது, அது என் பிறந்தநாள். வாழ்த்து என்று எதுவும் எழுதவில்லை. 'இன்னைக்கு தேதி தெரியும்' என்று மட்டும் இருந்தது.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது வருடம் கழித்து ஒன்றும் இரண்டுமாகப் போட்டுக் கணக்கை நேர் பண்ணப் பார்க்கிறார் என்று எண்ணினேன். அந்தக் காசைச் சேர்த்து வைத்துப் போனுக்கு டாப் அப் போட்டுக்கொண்டேன். ஒன்றுக்கும் பதில் அனுப்பவில்லை. அம்மாவிடமும் காட்டவில்லை. முட்டி வலியைப் பற்றிக் கேட்டதையாவது சொல்லியிருக்கலாம்.

கடை திறந்தது. மறுபடி கம்யூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வர ஆரம்பித்தேன். அம்மாவுக்கும் மூன்று நாள் வேலை கிடைத்தது. அந்த நெருக்கத்தில் ஒற்றை வெள்ளிகள் நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது, 'அவ்வளவுதான், சலிச்சிருச்சு' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், கடையில் சாப்பாட்டு நேரம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் கேரி தீவுல இருந்து பேசுறேம்மா" என்றது ஒரு பெண் குரல். பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

"சொல்லுங்க" என்றேன்.

"அவரு போயிட்டாரும்மா."

காய்ச்சல் என்று படுத்தவர், காலில் இருந்த சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். லயத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து எல்லாம் செய்திருக்கிறார்கள்.

"எப்போ?"

"இன்னையோட இருபத்து மூணு நாளு."

"எங்க வச்சு எரிச்சீங்க?"

"கிள்ளான் மின்சுடலையிலதாம்மா."

எங்கள் அடுக்குமாடியிலிருந்து அது பத்து நிமிடத் தூரம். அவரை எரித்த நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று எனக்கு விடுமுறை. நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மா நெத்திலி சம்பல் செய்தார், நாங்கள் இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே எங்கோ கேட்டது.

"அவரு போனைத் தொறக்கத் தெரியலம்மா. நேத்துதான் தோட்டத்துல ஒரு ஆளு தொறந்து குடுத்தாரு. 'மகள்'னு போட்டு உங்க நம்பர் இருந்துச்சு. அதுலருந்து கூப்பிட்டா போகல, அதான் என் போன்ல கூப்பிடுறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுல முப்பத்தோரு வெள்ளி இருக்கு. உங்களுக்கு அனுப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாரு. ஒவ்வொரு வெள்ளியா அனுப்பணும்னாரு. எனக்கு அனுப்பத் தெரியாது."

"ஏன் ஒவ்வொரு வெள்ளியா?"

"காசு அனுப்பினாத்தானே எழுத முடியும், வேற எதுவும் அனுப்பக்கூடாதுன்னு மக சொல்லிட்டாள்னு சொல்வாரு. மொத்தமா அனுப்பிட்டா ஒரு தடவைதான் எழுத முடியுமாம். அதுக்குத்தான் காலை நீட்டிப் போட்டுக்கிட்டுச் செம்பனை மட்டையில ஈர்க்கு சீவிக்கிட்டே இருப்பாரு. நான் வெளக்கமாறாக் கட்டி பாசார்ல ஒருத்தர்ட்ட குடுப்பேன். அந்தாளு இவரு போனுக்குக் காசு போட்டு விடுவாரு."

கடையின் பின்னால் துணிக் கட்டுகள் அடுக்கி வைக்கும் இடத்தில் நின்றிருந்தேன். கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒற்றை வெள்ளி ஒவ்வொன்றும் அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு வரி. நான் போட்ட சட்டத்தை அவர் மீறவில்லை. அவ்வளவு நேர்மையாக அவர் எங்களிடம் முன்பு ஒருபோதும் நடந்துகொண்டதில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கிள்ளான் வரும்வரை யோசித்தேன். எதுவும் வரவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அப்பாவா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தனை நாளாச்சு?"

சொன்னேன். அம்மா விரல் விட்டு எண்ணினார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருக்கும் என்று எண்ணுகிறார் என்று புரிந்தது. பிறகு கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அன்று காலையிலும் பொட்டு வைத்துத்தான் வேலைக்குப் போயிருந்தார். அதைத் துடைக்கவில்லை. விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"இருபத்து மூணு நாளா நான் இத வச்சிக்கிட்டு அலையிறேன்" என்றார். "யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே."

அப்போதுதான் கைப்பேசியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து சரியாக வராது. ஒவ்வொன்றாக நானே படித்தேன். முட்டி வலி வந்ததும், "திருப்பிப் படி" என்றார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். ஏன் முன்பே காட்டவில்லை என்று அம்மா கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். நானும் ஒரு நாள் கத்தியிருந்தேனே. அம்மா கேட்கவில்லை. என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தைல வாசனையில் எனக்குக் கண் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கேரி தீவுக்குப் போனேன். அம்மா ஐந்து கிலோ அரிசியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கியிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் எங்களைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அரிசிப் பையை இறக்கி வைத்தார். சுவரில் அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் அவர் எங்களோடு இருந்த காலத்து முகம். அம்மா அதன் முன்னால் நின்றார். கும்பிடவில்லை, அழவும் இல்லை. படத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊதுபத்திச் சாம்பலை முந்தானையால் துடைத்தார்.

அவள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, என்னை ஒரு தடவை திட்டிடுங்க. அடிச்சாக்கூடப் பரவாயில்ல."

அம்மா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முள் கீறிய அந்தக் கைகளையும் பார்த்தார்.

"திட்டி என்னா ஆகப்போவுது" என்றார். "திட்ட வேண்டிய ஆளத்தான் திட்டாமலே விட்டுட்டேன்."

அதன்பின்தான் அம்மாவுக்கு அழுகை வந்தது. நின்றபடியே அழுதார். அவள் பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டி, நீட்டியபடியே வைத்திருந்தாள். கடைசியில் அம்மாவே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவள் அப்பாவின் கைப்பேசியை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள், காசை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு அதைத் தொட முடியவில்லை. "அது அவகிட்டயே இருக்கட்டும்" என்றார் அம்மா. நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடையில் பொருள் வாங்கும்போது எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் நெற்றி என் முதுகில் கிடந்தது. பந்திங் சாலைக்கு வந்தபோது மழை பிடித்தது. ஒதுங்க இடமிருந்தும் நான் நிறுத்தவில்லை, அம்மாவும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் அம்மாவுக்கு வேலை இருந்தது. காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா சீருடையைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், படியிறங்கிப் போனார்.